விலக்கி மொண்ட தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கேட்டாள். "தண்ணில யாரப்பா வெரட்டறீங்க?"

வெளியே போய்வந்த காலைக் கழுவக் குழாயடியில் நின்றிருந்தேன். வாளியில் அப்போதுதான் பிடித்த தண்ணீர். தூசி இல்லை, துரும்பு இல்லை, அடியில் வாளியின் நீலம் அப்படியே தெரிகிறது. நான் குவளையின் அடிப்பாகத்தால் தண்ணீரின் மேலே மூன்று தடவை தள்ளிவிட்டு, அதற்குப் பிறகு மொண்டிருக்கிறேன். அவள் கேட்கும்வரை எனக்கே அது தெரியாது. கேட்டதும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது, அடுத்தவர் சட்டைப்பையில் விட்டபோது பிடிபட்ட கை மாதிரி.

"பழக்கம்மா."

"டேங்க் தண்ணிக்கு எதுக்குப்பா இந்தப் பழக்கம்?" என்று சொல்லிவிட்டு அவள் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் குவளையோடு நின்றேன். கால் தூசியோடு அப்படியே இருந்தது.

நீங்கள் எப்போதாவது ஏரியில் தண்ணீர் மொண்டிருக்கிறீர்களா? குடத்தை நேராக முக்கினால் சருகும் பாசியும் பூச்சி இறக்கையும் சேர்ந்து ஏறிவரும். அதனால் முதலில் குடத்தின் அடியால் தண்ணீரை விலக்க வேண்டும். சள், சள், சள். மூன்று தடவை. மேலே மிதப்பது வட்டமாக ஒதுங்கும். அது திரும்பி வந்து மூடுவதற்குள் குடத்தைச் சாய்த்து மொண்டுவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் பெண்கள் இதைப் பேசிக்கொண்டே செய்வார்கள், பேச்சில் ஓர் எழுத்துக்கூட இடறாது. நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் வளர்ந்த எங்களுக்கு ஏரி கிடையாது, பின்கட்டில் தகர டிரம் உண்டு. அதிலும் மேலே கரித்தூள் கண்மை மாதிரி படிந்து மிதக்கும். என் அம்மா அதைக் கையால் விலக்கிவிட்டுத்தான் மொள்வாள். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர், கன்னியாகுமரிக்காரர் என்று எல்லா மாவட்டமும் குடியிருந்தது. பேச்சு வேறு, குழம்பு வேறு, சண்டை போடும் விதம்கூட வேறு. தண்ணீரை விலக்குவதில் மட்டும் எல்லோரும் ஒரே ஊர்.

வானவில்லையும் தண்ணீர் மேல்தான் முதலில் பார்த்தேன். மழை விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு முன்னால் தேங்கும் குட்டையில், யாரோ ஸ்கூட்டருக்கு ஊற்றும்போது சிந்திய எண்ணெய் நிறம் நிறமாக விரியும். வானத்திலிருந்து விழுந்து கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு குச்சியால் கிளறுவோம். ஊதா பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். மோந்து பார்த்தால் மூக்கு எரியும். அழகான ஒன்றுக்கு ஏன் இத்தனை கெட்ட நாற்றம் என்று அப்போது யாரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிற்பாடு நான் எழுதிய ஒரு கவிதையாவது பிழைத்திருக்கும், அல்லது செத்துப்போயிருக்கும். இரண்டில் எதுவானாலும் நல்லதுதான்.

அந்தக் கவிதைக்கு வருகிறேன். அதற்கு முன் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

படிப்பு முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தேன். சும்மா என்றால் கவிதை எழுதிக்கொண்டு இருந்தேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, நான் எழுதுவதைப் பார்த்து, "என்ன, பெர்மனென்ட் ஆயிடுமா அது?" என்பார். கடைசியில் பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில் ஒரு தனியார் லேபில் ஆள் கேட்கிறார்கள் என்று போனேன். தண்ணீர் பரிசோதிக்கும் லேப். எனக்குச் சாம்பிள் எடுக்கும் வேலை. சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி, பெட்டிக்குள் பாட்டில்கள், சட்டைப்பையில் லேபிள் கட்டு. ஏரி, கிணறு, வாய்க்கால், போர்வெல் என்று சுற்றி வர வேண்டும். தண்ணீர் மொண்டு கொடுக்கச் சம்பளமா என்று அப்பா கேட்டார். ஆனாலும் சம்பளம் வாங்குகிறவனை அவர் சாப்பிடும்போது திட்டுவதில்லை.

லேபை நடத்தியவரை நாங்கள் லேப் சார் என்போம். எதற்கும் கோபப்படாத மனிதர், அதுதான் அவரிடம் பயமாக இருக்கும். முதல் நாள் எனக்கு முறையைக் காட்டினார். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். முழங்கை மூழ்கும்வரை இறக்க வேண்டும். அங்கே திருப்பி, நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடி போட்டு மேலே கொண்டுவர வேண்டும்.

"மேல இருக்கறது குப்பைப்பா. உள்ள என்ன இருக்கோ அதுதான் ஏரி" என்றார்.

எனக்கு அது தத்துவமாகப் பட்டது. டைரியில் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

வடக்குத்து ஊருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஏரி. கரையெல்லாம் கோரை வளர்ந்து கிடந்ததால் கோரை ஏரி என்போம். அதன் மேட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆள் லாரி கழுவும் செட் போட்டிருந்தார். கரி ஏற்றும் லாரி, சாம்பல் ஏற்றும் லாரி எல்லாம் அங்கே வரும். கழுவுவார்கள், கிரீஸ் அடிப்பார்கள், பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுவார்கள். வடித்த கருப்பு ஆயில் போக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். வாய்க்கால் சரிவாக ஏரிக்குள் இறங்கியது. மாதம் ஒரு முறை ஏரித் தண்ணீரைப் பரிசோதித்துக் காகிதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் செட் முதலாளி எங்கள் லேபில் கொடுத்திருந்தார். மாதா மாதம் நான் போவேன், முழங்கை ஆழத்தில் எடுப்பேன், காகிதம் நன்றாக வரும்.

முதல் தடவை போனது ஒரு காலை நேரம். ஏரி முழுக்க நிறங்கள் விரிந்து கிடந்தன. காற்று தொட்டால் ஊதா நகர்ந்து பொன்னாகிறது. நான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, 'வானவில் இறங்கி வந்து கால் நனைக்கும் ஏரி' என்று எழுதினேன். அது ஒரு சிற்றிதழில் வந்தது. பிறகு பரிசோதனைக் காகிதமும் அச்சடித்து வந்தது. இரண்டிலும் ஏரி நன்றாகத்தான் இருந்தது.

"இன்னா தம்பி, தண்ணிக்குக் கடுதாசி எழுதறியா?"

அப்படித்தான் தனக்கோடி அக்காவைத் தெரியும். நாற்பது வயதிருக்கும். கணுக்கால்வரை தூக்கிச் செருகிய சேலை, கையில் நீளக் கழி, முன்னால் நூறு நூற்றிருபது வாத்துகள். கோரை ஏரியை நம்பித்தான் அந்த மந்தை இருந்தது. காலையில் இறக்கிவிட்டால் சாயந்திரம் 'பா... பா...' என்று ஒரு குரல், அத்தனையும் வரிசையாகக் கரையேறும். என் பெயரை அவர் கேட்டதே இல்லை. பாட்டில் தம்பி, அவ்வளவுதான்.

வாத்தின் முதுகில் தண்ணீர் ஒட்டாது என்பது உங்களுக்குத் தெரியும். முத்து முத்தாக உருண்டு விழும். அந்த ஏரியில் அது நின்றுபோயிருந்தது. ஒருநாள் அக்கா ஒரு வாத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தார். நனைந்த துணி மூட்டை மாதிரி கனத்தது. இறகுக்குள் விரலை விட்டால் தோல்வரை ஈரம், விரல் நுனியில் டீசல் வாசனை.

"கப்பலாட்டம் மெதந்துகினு போவும் தம்பி. இப்பப் பாரு, பாதி முழுவிகினு போவுது. நேத்து ஒண்ணு நடு ஏரில அப்பிடியே எறங்கிப்போச்சு. வாத்து முழுவிப்போறத எங்கியாவது கண்டிருக்கியா?"

அவர் வெள்ளிக்கிழமை பெண் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது போல வாத்துகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். தவிட்டால் துடைத்தார். ஊர் சிரித்தது. கோரை அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தி கரையிலிருந்து கத்துவாள். "தனக்கோடீ, அப்பிடியே பூ வச்சி வுடு! மாப்ள வூட்டுக்காரங்க வராங்களாம்!" அக்கா நிமிராமல், "வந்தா ஒன்னயும் சேத்துக் கூட்டிகினு போவச் சொல்றேன்டி, நீயும் கத்திகினுதான இருக்க" என்பார். வாத்துகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. நூறு எழுபதானது, எழுபது ஐம்பதானது. ஊரில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் செட்டில் வேலை பார்த்தார்கள். அதனால் செட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களும் குடத்தால் மூன்று தடவை விலக்கிவிட்டு மாட்டுக்கும் பாத்திரத்துக்கும் மொண்டுகொண்டு போனார்கள். நிறம் ஒதுங்கும், தண்ணீர் தெளிவாக வரும். பிறகென்ன?

அக்கா மட்டும் மனு கொடுத்தார். ஒன்றல்ல. பஸ் ஏறி ஏறிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் நான் எடுத்த தண்ணீரின் காகிதம் பதிலாக வந்தது. கடைசியில் ஒருநாள் என் சைக்கிளை மறித்துக்கொண்டார்.

"நீ ஆழத்துல கைய வுட்டு எடுக்கற. கெட்டது மேலதான மெதந்துகினு இருக்குது? மேலத் தண்ணிய எடு."

"முறை அப்படித்தாங்கக்கா."

"எந்த முறை? வாத்து மேலதான் மெதக்குது, அடியிலயா நடந்து போவுது?"

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. லேப் அலமாரியில் அகல வாய்க் கண்ணாடி பாட்டில்கள் இருந்தன, எண்ணெய் பார்ப்பதற்கென்றே. அதை மேல் தண்ணீரில்தான் நிரப்ப வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். செட் முதலாளி கொடுத்த படிவத்தில் எண்ணெய் என்ற கட்டத்தில் டிக் இல்லை, அதனால் நாங்கள் எண்ணெய் பார்ப்பதும் இல்லை. லேப் சாரிடம் ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஆறு மாசத்துல உன்னைப் பெர்மனென்ட் பண்ணலாம்னு இருக்கேன்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. நகரியத்தில் வளர்ந்தவனிடம் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், மற்றதை அவனே முடித்துக்கொள்வான்.

அக்கா விடவில்லை. அவருடைய கடைசி மனுவுக்கு ஓர் அதிகாரி நேரில் வந்தார். ஊரைக் கூட்டி, எல்லார் கண்ணெதிரே மேல் தண்ணீர் எடுத்து எண்ணெய் பார்ப்பது என்று முடிவானது. எண்ணெய் இருந்தால் வாய்க்காலை அடைக்க வேண்டும், செட்டையும் மூட வேண்டும். அக்கா முன்னால் வந்து சொன்னார். "பாட்டில் தம்பி எடுக்க வேணாங்க. அது ஆழத்துல கைய வுடும். நானே மொண்டு தரேன்." அதிகாரி சிரித்து, "நல்லதாப் போச்சு, நீங்களே எடுங்கம்மா" என்றார். செட் முதலாளியும் தலையாட்டினார்.

தண்ணீர் எடுக்கும் நாளன்று அக்கா நல்ல சேலை கட்டியிருந்தார், பச்சையில் சிவப்புக் கரை. கையில் வீட்டு எவர்சில்வர் சொம்பு, சாம்பல் போட்டுத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி. பத்து மணி வெயில். ஏரி முழுக்க எண்ணெய், வாய்க்கால் வாயில் தடிப்பாக, தள்ளிப் போகப் போக நிறமாக. இதைவிட நல்ல நாள் கிடைக்காது. அக்கா முழங்கால் அளவு இறங்கினார். கரையில் இருந்த எல்லோரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "பாத்துக்கங்க. மேலத் தண்ணி" என்றார்.

சொம்பின் அடி தண்ணீரைத் தொட்டது. சள். சள். சள்.

மூன்று தடவை. நிறம் ஒதுங்கியது. நடுவில் ஒரு வட்டம், ஆட்டுக்கண் மாதிரித் தெளிவாக. அந்த வட்டத்தில் சொம்பைச் சாய்த்து மொண்டார். எண்ணெய் திரும்பி வந்து அவர் முழங்காலைச் சுற்றி வளையமாகப் படிந்தது.

யாரும் எதையும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு என்ன இருந்தது? அங்கே நின்ற அத்தனை பேரும் அப்படித்தான் மொண்டிருப்பார்கள். அதிகாரி முதலாளியின் குடை நிழலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தெரிந்தவன் நான் ஒருவன்தான். தண்ணீர் எடுப்பது எப்படி என்று சம்பளம் வாங்கிக் கற்றுக்கொண்டவன்.

அக்கா கரையேறி என்னிடம் வந்தார். அகல வாய்ப் பாட்டிலைப் பிடித்தேன், ஊற்றினார். தெளிந்த தண்ணீர். என் முகத்தையே பார்த்தார்.

"செரியா எடுத்தனா தம்பி?"

சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை இறங்கி மொள்ள ஒரு நிமிடம் ஆகும். நடுவில் எத்தனையோ வருடம் இதற்குக் காரணம் தேடிப் பார்த்துவிட்டேன். ஊர் முன்னால் அவரைத் தப்பு என்று சொல்லக் கூச்சம் என்று கொஞ்ச காலம் வைத்திருந்தேன். லேப் சார் என்ன நினைப்பார் என்ற பயம் என்று கொஞ்ச காலம். வேலை புதிது, அப்பா, வயது. எல்லாமே உண்மை. ஆனால் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு மொண்டு பார்த்தால் அடியில் இருப்பது ஒரே ஒரு சொல்தான். ஷிப்ட் முடிந்து வந்து அப்பா கேட்டதும், லேப் சார் கோபப்படாமல் சொன்னதும் அதுதான்.

"செரிதாங்கக்கா" என்றேன்.

மூடி போட்டேன். லேபிள் ஒட்டினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

எட்டு நாள் கழித்துக் காகிதம் வந்தது. எண்ணெய் வரம்புக்குள்தான். பொதுமக்கள் முன்னிலையில் மனுதாரரே எடுத்துக் கொடுத்த தண்ணீர் என்று அடியில் ஒரு வரி. அதற்கு மேல் ஒரு மனுவுக்கும் இடமில்லை. மழைக்காலத்துக்குள் மந்தை தீர்ந்தது. பிழைத்த பத்துப் பன்னிரண்டை யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். அக்காவைப் பிறகு ஏரிக்கரையில் பார்க்கவில்லை. நான் பெர்மனென்ட் ஆனேன். ஒன்றரை வருடத்தில் லேபையே மூடிவிட்டார்கள், அது வேறு.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்தப் பக்கமே வீடு கட்டினோம். கோரை ஏரிக்கு வண்டியில் பத்து நிமிடம். இத்தனை வருடத்தில் அந்தப் பத்து நிமிடம் எனக்கு ஒழியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, மகள் கேட்டுவிட்டு உள்ளே போன பிறகு, குவளையை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஏரி இல்லை. செட்டும் இல்லை, அது எப்போதோ இன்னும் பெரிதாகி வேறு எங்கோ போய்விட்டதாம். கோரை இருந்த இடத்தில் மஞ்சள் கல் நட்டு, கயிறு கட்டி, மனை எண் எழுதியிருந்தார்கள். கரை மட்டும் ரோடாகியிருக்கிறது. ரோட்டோரம் தகரக் கூரை வீட்டு வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாட்டில் தம்பி. ஒனக்கும் நரச்சிப்போச்சே."

பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். ஊர்க்கதை பேசினால் சொல்லாமலே எழுந்து வந்துவிடுவேன் என்று பயந்து, உட்கார்ந்ததுமே சொன்னேன். சொம்பு, மூன்று தடவை, வட்டம், நான் பார்த்தது, சொல்லாதது. கோர்வையாக வரவில்லை. எழுதுகிறவனுக்கு வர வேண்டிய ஒரு நேரத்தில் வரவில்லை.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அது எனுக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. வூட்டுக்கு வந்து சோறாக்கக் கொடத்துல சொம்ப வுட்டேன். கை தானா வெலக்குது. அப்பிடியே ஒக்காந்துட்டேன். அடிப்பாவி, அங்கியும் இதத்தானடி செஞ்சன்னு."

"அப்ப ஏங்கக்கா யாருகிட்டயும் சொல்லல?"

"ஊரே பாத்துகினு இருக்கச்சொல்ல நானே மொண்டு குடுத்தேன். நானே தப்புன்னா யாரு நம்புவாங்க? நீ சொன்னா நம்புவாங்க. நீ பாத்துகினுதான இருந்த. ஒன் மூஞ்சி மாறுனத நான் பாத்தேன், அதான் செரியா எடுத்தனான்னு கேட்டேன். அந்தக் கடுதாசி வர்ற வரிக்கும் எட்டு நாளும் சைக்கிள் மணி கேட்டா வெளிய வந்து பாப்பேன்."

அக்காவே தொடர்ந்தார்.

"அப்பறம் ஒங்க டவுன்ஷிப்லதான் கான்ட்ராக்ட்ல ரோடு கூட்டினேன். ஒங்க பிளாக்குலயே நாலு வருசம். நீ வண்டில போவ. கூப்புடல."

"கூப்பிட்டிருக்கலாமேக்கா."

"எதுக்கு? ரோட்டுலதான் நின்னுகினு இருந்தேன். பாக்கறவனுக்குத் தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போனார், கேனைச் சாய்த்துத் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. கொண்டுவந்து நீட்டியது எவர்சில்வர் சொம்பு, இடுப்பில் ஓர் ஒடுக்கு. அதே சொம்பா என்று கேட்கவில்லை. வாங்கினேன். வாங்கிய கையின் கட்டைவிரல், என்னைக் கேட்காமல், தண்ணீர் மேல் ஒருமுறை வழித்தது. அக்கா அதைப் பார்த்தார்.

"குடி தம்பி. கேன் தண்ணிதான். வெலக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

ஏரி இருந்த பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தேன்.